ஹாலஜன் ஸ்பாட் விளக்கும் மின்கட்டணமும்: வீட்டிலேயே செய்யக்கூடிய சிக்கனம்

விழிஞ்ஞத்துக்கும் வெளிச்சத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. இங்குள்ள கலங்கரை விளக்கம் 1972 முதல் கடலோடிகளுக்கு வழிகாட்டி வருகிறது. கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் முயற்சியாக, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 1991-இல் இங்கே ஒரு நிலையத்தை இயக்கிக் காட்டினார்கள். அதன் திறன் 150 கிலோவாட். அந்நிலையம் இப்போது இயங்கவில்லை. ஆனாலும் அந்த 150 கிலோவாட்டை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 வாட் ஹாலஜன் ஸ்பாட் விளக்குகள் என்றால் 3,000 விளக்குகளை எரிக்கலாம். அதே அளவு வெளிச்சம் தரும் 6 வாட் எல்.இ.டி. விளக்குகள் என்றால் 25,000 எரிக்கலாம். நம் வீட்டு மின்கட்டணத்தின் ரகசியமும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

விழிஞ்ஞம், முக்கோலை, கோவளம் பகுதிகளில் பொய்க்கூரை அமைத்துக் கட்டிய வீடுகளிலும், பயணிகளுக்கு அறை விடும் இல்லங்களிலும் இன்னும் ஹாலஜன் ஸ்பாட் விளக்குகளைக் காணலாம். சுவாமி படத்துக்கு மேலே ஒன்று, ஷோகேஸுக்கு இரண்டு, வரவேற்பறையில் நான்கு என்று அவை சேர்ந்துவிடுகின்றன. இவற்றுக்குச் செலவு குறைந்த மாற்று என்ன என்று அன்பர்கள் பலரும் கேட்பதுண்டு. அதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஹாலஜன் ஏன் செலவு வைக்கிறது?

ஹாலஜன் விளக்கும் அடிப்படையில் குண்டு பல்புதான். டங்ஸ்டன் இழை சூடேறி ஒளி விடுகிறது. குழலுக்குள் அடைத்திருக்கும் புரோமின் அல்லது அயோடின் வாயு, ஆவியாகும் டங்ஸ்டனைத் திரும்ப இழையிலேயே சேர்க்கிறது. அதனால் கண்ணாடி கறுப்பதில்லை. ஆயுளும் சாதாரண பல்பைவிட இரு மடங்கு, ஏறத்தாழ 2,000 மணி நேரம் வரும். ஆனால் உள்ளே போகும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சமாவதில்லை. மீதியெல்லாம் வெப்பம். நாம் காசு கொடுத்து வீட்டைச் சூடாக்கி, பிறகு அந்தச் சூட்டைத் தணிக்க மின்விசிறியும் ஏ.சி.யும் போடுகிறோம்!

கணக்கைப் பாருங்கள்

ஆறு ஹாலஜன் விளக்குகள், ஒவ்வொன்றும் 50 வாட், நாள்தோறும் 4 மணி நேரம் எரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1.2 யூனிட், மாதத்துக்கு 36 யூனிட். அவற்றை 6 வாட் எல்.இ.டி.க்கு மாற்றினால் மாதம் 4.3 யூனிட்தான் ஆகும். மிச்சம் சுமார் 32 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று கொண்டால் மாதம் 220 ரூபாய்க்கு மேல். விளக்கு ஒன்று 200 ரூபாய் என்றாலும், போட்ட 1,200 ரூபாய் ஆறு மாதத்துக்குள் திரும்பிவிடும்.

கேரளத்தில் இதைவிட முக்கியமான ஒரு விஷயம் உண்டு. மாதம் 250 யூனிட் வரை, அதாவது இரண்டு மாத பில்லில் 500 யூனிட் வரை, படிப்படியான கட்டணம். முதல் யூனிட்டுகளுக்குக் குறைந்த விலை, மேலே போகப் போகக் கூடுதல் விலை. 250-ஐத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகை போய், முதல் யூனிட்டிலிருந்தே ஒரே உயர்ந்த விலை. மாதம் 270 யூனிட் செலவாகும் வீட்டில் ஸ்பாட் விளக்குகளை மட்டும் மாற்றினாலே 238-க்கு இறங்கிவிடலாம். ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்துவோருக்கு இது சிறிய தொகையல்ல.

மாற்றுகள் எவை?

செலவே இல்லாத மாற்று முதலாவது: தேவையில்லாத விளக்கைக் கழற்றிவிடுவது. ஸ்பாட் விளக்கு ஒரு பொருளை எடுத்துக்காட்டத்தான். அறை முழுவதற்கும் ஒளி தர அல்ல. அறைக்கு 20 வாட் எல்.இ.டி. டியூப் ஒன்று போட்டால், நான்கு ஸ்பாட் விளக்குகளுக்கு வேலை இருக்காது.

இரண்டாவது, சி.எஃப்.எல். ஸ்பாட் விளக்கு என்ற வகையில் இதை இனி வாங்க வேண்டாம். ஒளி ஓரிடத்தில் குவியாது. முழு வெளிச்சம் வர நேரம் பிடிக்கும். உடைந்தால் பாதரசம் வெளிப்படும்.

மூன்றாவது, எல்.இ.டி. ஸ்பாட் விளக்கு. இதுவே சரியான மாற்று. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. வெள்ளை எல்.இ.டி. விளக்கு பிறந்தது அந்த நீல ஒளியிலிருந்துதான். இந்தியாவில் 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் மொத்தமாகக் கொள்முதல் செய்ததால் விலை வெகுவாகச் சரிந்தது. கேரளத்திலும் இழை பல்புகளை ஒழிக்கும் திட்டத்தில், மின்வாரியம் 2021 முதல் எல்.இ.டி. பல்புகளை வழங்கியது. ஆனால் அவை 9 வாட் சாதாரண பல்புகள். ஸ்பாட் விளக்கின் ஹோல்டரில் பொருந்தா. ஆகவே ஸ்பாட் விளக்கை நாமேதான் பார்த்து வாங்க வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

பழைய விளக்கைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோவது நல்லது. மெயின் சுவிட்சை அணைத்து, விளக்கு நன்றாக ஆறிய பிறகே தொட வேண்டும். எரிந்துகொண்டிருந்த ஹாலஜன் கையைப் பொசுக்கிவிடும்.

ஊசிபோல் மெல்லிய இரண்டு கம்பிகள் 5.3 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால் அது 12 வோல்ட் வகை. கூரைக்குள் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். தடித்த தலையுள்ள இரண்டு கால்கள் 10 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்து, திருகி மாட்டும்படி அமைந்திருந்தால் அது ஜி.யு. 10, நேராக 230 வோல்ட்டில் எரிவது. இதை மாற்றுவது எளிது; பழையதைக் கழற்றி எல்.இ.டி.யை மாட்டினால் போதும்.

சிக்கல் 12 வோல்ட் வகையில்தான். பழைய எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மர் ஒழுங்காக இயங்க ஒரு குறைந்தபட்சச் சுமை வேண்டும். 50 வாட் இருந்த இடத்தில் 6 வாட் மாட்டினால் விளக்கு மினுக்கும், அல்லது எரியவே எரியாது. விளக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டு எல்.இ.டி.க்கான டிரைவரைப் பொருத்தலாம். அல்லது ஹோல்டரை ஜி.யு. 10 ஆக மாற்றி 230 வோல்ட் கொடுக்கலாம். இரண்டுமே உரிமம் பெற்ற வயர்மேன் செய்ய வேண்டிய வேலை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இருந்தால், அதற்கேற்ற எல்.இ.டி.யா என்று கேட்டு வாங்குங்கள்.

வாட்டை மட்டும் பார்க்காமல் லூமென் அளவைப் பாருங்கள். ஹாலஜனின் இளமஞ்சள் ஒளி பிடித்திருந்தால் 2,700 முதல் 3,000 கெல்வின் வரை உள்ளதை எடுங்கள். 6,500 கெல்வின் என்றால் பளீர் வெள்ளை. சுவாமி படத்துக்கும் சாப்பாட்டு மேசைக்கும் அது அழகாக இராது. ஒளி விரியும் கோணம் 36 டிகிரி அளவில் இருந்தால் ஹாலஜனைப் போலவே குவிந்து விழும். நிறங்களைச் சரியாகக் காட்டும் எண் 80-க்குக் குறையக் கூடாது. 90 இருந்தால் மிக நல்லது. இந்தியத் தரக் கழகத்தின் முத்திரையும், உத்தரவாத அட்டையும், ரசீதும் அவசியம்.

கடற்கரை வீடுகளுக்கு ஒரு வார்த்தை

உப்புக் காற்று ஹோல்டரையும் இணைப்புகளையும் அரிக்கும். பச்சை பிடித்த, கருகிய ஹோல்டரில் புது விளக்கை மாட்டாதீர்கள். பல ஆண்டுகள் ஹாலஜன் சூட்டில் கிடந்த வயரின் உறை தொட்டாலே உதிரக்கூடும், அதையும் மாற்றிவிடுங்கள். திண்ணை, மாடி முகப்பு போன்ற திறந்த இடங்களுக்கு ஈரம் புகாத மூடிய வகையே ஏற்றது. எல்.இ.டி.யும் பின்பக்கம் சூடாகும். கூரைக்குள் காற்றுக்கு இடமில்லாமல் அடைத்தால் அதன் ஆயுள் குறையும்.

எதை முதலில் மாற்றுவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. அதிக நேரம் எரிவதை முதலில் மாற்றுங்கள். நாளுக்குக் கால் மணி நேரம் மட்டுமே எரியும் விளக்கில் மாதம் இரண்டு ரூபாய் அளவே மிச்சம். போட்ட பணம் திரும்ப ஏழு ஆண்டு ஆகும். அது ஃபியூஸ் ஆகும்போது பார்த்துக்கொள்ளலாம். திரைச்சீலைக்கும் மர அலமாரிக்கும் அருகில் உள்ளதை மட்டும் காசுக் கணக்குப் பாராமல் உடனே மாற்றிவிடுங்கள். அங்கே தீப்பற்றும் அபாயம் உண்டு.

முதலில் ஒன்றே ஒன்று வாங்கி ஒரு வாரம் எரித்துப் பாருங்கள். நிறமும் வெளிச்சமும் மனதுக்குப் பிடித்தால் மற்றவற்றை வாங்கலாம். 15,000 மணி நேரம் உழைக்கும் விளக்கு என்றால், நாளுக்கு 4 மணி நேரம் வீதம் பத்தாண்டு வரும். ஏணியில் ஏறி பல்பு மாற்றும் வேலையும் குறையும். முதியோர் மட்டுமே வசிக்கும் வீடுகளில் மின்கட்டணத்தைவிட இதுவே பெரிய நன்மை.