மேலுமலை ஏறும் பழைய வேகன்

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர். அதற்குள் சாலை ஏறக்குறைய 400 மீட்டர் உயர்ந்துவிடுகிறது. மேலுமலை ஏற்றத்தில் கிரானைட் பாறை ஏற்றிய லாரிகள் ஊர்ந்துகொண்டிருக்க, ஒரு பழைய ஸ்கோடா ஆக்டேவியா காம்பி ஐந்து பேரையும் டிக்கி நிறைய மாம்பழப் பெட்டிகளையும் சுமந்து, திணறாமல் மேலே போனால், அதற்குள் நடப்பதை யோசித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

காம்பி என்பது ஆக்டேவியாவின் கூரையைப் பின்முனை வரை நீட்டிய ஸ்டேஷன் வேகன். 2000களின் நடுவில் இந்தியாவில் விற்றார்கள். டாடா எஸ்டேட், ஓப்பல் கோர்சா ஸ்விங், ஃபியட் வீக்எண்ட் என்று இந்த வகையில் வந்த எதுவுமே நம்மிடம் எடுபடவில்லை. உயரமான எஸ்யூவிதான் கௌரவம் என்றாகிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. இடம் நிறைய வேண்டும், எடை தரைக்கு அருகில் இருக்க வேண்டும் என்ற இரண்டு தேவைகளையும் வேகன் ஒருசேர நிறைவேற்றுகிறது. எடை தாழ்வாக இருப்பதால்தான் வளைவில் அது அதிகம் சாய்வதில்லை.

ஏற்றத்துக்கு வருவோம். ஆட்கள், சுமை எல்லாம் சேர்த்து வண்டி 1,800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதை 400 மீட்டர் தூக்க சுமார் 70 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 3.6 கோடி ஜூல் இருக்கிறது. அதில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிறது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகத்தான் சக்கரத்துக்கு வந்து சேரும். அப்படியும், காற்றையும் டயர் உராய்வையும் சமாளிக்கச் செலவாவது போக, இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் குறைவான எடையை ஓசூர் உயரத்துக்குத் தூக்க அரை லிட்டர் டீசலும் சொச்சமும் போதும். ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில் அளவு! எத்தனை முறை கணக்குப் போட்டாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

மேலே போகப் போகக் காற்று லேசாகிறது. சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட 8 சதவீதம் அளவுக்குக் குறைவு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு ஏறக்குறைய அந்த அளவு வலிமையும் குறையும். காம்பியின் 1.9 லிட்டர் டிடிஐ எஞ்சினில் டர்போ உண்டு. வெளியேறும் புகை ஒரு சிறு விசிறியைச் சுழற்ற, அதே தண்டில் இருக்கும் இன்னொரு விசிறி காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிறது. தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கும் மேல் சுழலக்கூடியது. காற்று லேசானால் அது இன்னும் வேகமாகச் சுற்றிக் குறையை ஈடுகட்டும். வீணாகப் போகவேண்டிய புகையே மேட்டைக் கடக்கக் கைகொடுக்கிறது.

வேகனின் பின்கண்ணாடியில் மட்டும் தூசி அப்பிக்கொள்வதற்கும் காரணம் உண்டு. கூரைமேல் ஓடிவரும் காற்று, செங்குத்தாக வெட்டிய பின்முனையில் வண்டியை விட்டுப் பிரிகிறது. அங்கே அழுத்தம் குறைந்து சுழல் உண்டாகிறது. சக்கரம் கிளப்பும் புழுதியை அந்தச் சுழல் மேலிழுத்துக் கண்ணாடியில் பூசுகிறது. பின்வைப்பர் வைத்திருப்பது அதற்குத்தான். ஆனால் வெட்டிய முனை என்பதாலேயே காற்றுத்தடை மிகவும் கூடிவிடாது. நீர்த்துளிபோல நீண்டு குறுகும் வாலைப் பாதியிலேயே வெட்டினாலும் பெரிய இழப்பில்லை என்று ஜெர்மன் பொறியாளர் வூனிபால்ட் காம் 1930களிலேயே காட்டிவிட்டார்.

இத்தனை வயதான வண்டியை வைத்திருப்பவர் கிலோமீட்டரை மட்டும் பார்க்கக் கூடாது. டைமிங் பெல்ட் ரப்பரால் ஆனது. ஓடாமல் நின்றாலும் மூப்படையும். அது அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி எஞ்சினே பாழாகும்.

திரும்பி இறங்கும்போது, ஏற்றத்தில் செலவழித்ததில் ஒரு பங்கு கைக்கு வருகிறது. கியரில் இருக்கும்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பம்ப் டீசலை முற்றிலும் நிறுத்திவிடும்; உருளும் சக்கரங்களே எஞ்சினைச் சுற்றும், எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் தன்னை ஓட்டிக்கொள்ள டீசல் குடிக்கும், பிரேக்கும் தனியாகச் சூடேறும். மேலுமலை இறக்கத்தில் தயவுசெய்து கியரிலேயே இறங்குங்கள்.