பிஸ்கட் ரின்னில் ஒரு பழைய போன்: கையடக்கத் தொலைபேசி எப்போது சான்றாகிறது?

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீட்டில், சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் ரின் இருக்கிறது. அதற்குள் மகனின் பாடசாலைச் சான்றிதழ்கள், அடையாள அட்டைப் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த துண்டு, ஒரு பழைய நொக்கியா போன். 2009 மே மாதத்துக்குப் பிறகு மகனைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. போன் மட்டும் அவருடைய தங்கையின் உடுப்புப் பையோடு வந்து சேர்ந்திருக்கிறது.

“தம்பி, இதைத் திறந்தா அவன்ர குரல் ஏதும் இருக்குமோ? கடைக்காரப் பெடியன் புதுசா சொவ்ட்வெயார் அடிச்சுப் பாப்பம் எண்டு சொன்னவன். குடுக்கட்டோ?” என்று அந்த அம்மா கேட்டார்.

“வேண்டாம் அம்மா, குடுக்காதேங்கோ” என்று சொன்னேன். ஏன் என்று விளக்கமாகச் சொல்ல அன்று என்னால் முடியவில்லை. இப்படியான போன்களும் மெமரி கார்ட்டுகளும் வடக்குக் கிழக்கில் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவர்கள் எல்லோருக்குமான விளக்கம் இது.

ஒரு போனுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு கையடக்கத் தொலைபேசியில் தகவல் ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. போனின் உள் நினைவகத்தில் படங்கள், காணொளிகள், குறுஞ்செய்திகள், அழைப்பு விவரங்கள் இருக்கும். சிம் அட்டையில் தொடர்பு இலக்கங்களும் சில குறுஞ்செய்திகளும் இருக்கலாம். மெமரி கார்ட்டில் பெரும்பாலும் படங்களும் ஒலிப்பதிவுகளும் இருக்கும். நான்காவது இடம் நம் கையில் இல்லை. எந்த இலக்கம் எந்த இலக்கத்தை எப்போது அழைத்தது, அந்த நேரம் எந்தக் கோபுரத்தோடு இணைந்திருந்தது என்ற பதிவு தொலைபேசி நிறுவனத்திடம் இருக்கும்.

ஒவ்வொரு போனுக்கும் ஐ.எம்.ஈ.ஐ எனப்படும் 15 இலக்கங்கள் கொண்ட அடையாள எண் உண்டு. பழைய போன்களில் பற்றரியைக் கழற்றினால் அடியில் ஒட்டியிருக்கும். சிம்மை மாற்றினாலும் இந்த எண் மாறாது. ஒரே போனில் வேறு வேறு சிம்கள் போடப்பட்டனவா என்பதைப் புலனாய்வாளர்கள் இதை வைத்தே தேடுவார்கள்.

ஆனால் பதிவு ஒன்றைச் சொல்வதற்கும் உண்மை இன்னொன்றாக இருப்பதற்கும் இடமுண்டு. 2009 ஜனவரி 8ஆம் திகதி ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க கொல்லப்பட்டார். கோபுரப் பதிவுகளை ஆராய்ந்த புலனாய்வாளர்கள், அவர் பயணித்த வழியில் இயங்கிய ஐந்து சிம் அட்டைகளைப் பிரித்தெடுத்தார்கள். அவை நுவரெலியாவைச் சேர்ந்த ஒரு தமிழரின் பெயரில் பதிவாகியிருந்தன. அவர் கைது செய்யப்பட்டு, 2011இல் விளக்கமறியலிலேயே இறந்துபோனார். அவருடைய அடையாள அட்டையைக் கொண்டு வேறொருவர் பெற்ற சிம்கள் அவை என்பது விசாரணையில் வெளிவந்தது. சிம் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதும் போன் யாருடைய கையில் இருந்தது என்பதும் இரண்டு வேறு கேள்விகள். முதலாவதை மட்டும் கேட்டு நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த மனிதரின் சாவு உதாரணம்.

ஒரு காணொளியை எப்படிச் சோதித்தார்கள்?

2009 ஓகஸ்ட் மாதம் சனல் 4 தொலைக்காட்சி ஒரு காணொளியை ஒளிபரப்பியது. நிர்வாணமாக்கப்பட்டு, கைகள் கட்டப்பட்ட ஆண்கள் சுட்டுக் கொல்லப்படும் காட்சி அது. இலங்கையில் ஜனநாயகத்துக்கான ஊடகவியலாளர்கள் அமைப்பு மூலம் வெளிவந்த அந்தக் காணொளி, படையினர் ஒருவரின் கையடக்கத் தொலைபேசியில் எடுக்கப்பட்டது என்று சொல்லப்பட்டது. அது போலி என்று அரசாங்கம் அறிவித்தது. தனது தரப்பு நிபுணர்களின் கருத்துகளையும் முன்வைத்தது.

அப்போது சட்டத்துக்குப் புறம்பான கொலைகள் தொடர்பான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக இருந்தவர் பிலிப் அல்ஸ்டன். அவர் சுயாதீன நிபுணர்கள் மூவரிடம் காணொளியைக் கொடுத்தார். ஒருவர் சட்ட மருத்துவர், ஒருவர் துப்பாக்கி நிபுணர், ஒருவர் காணொளிப் பகுப்பாய்வாளர். மூவரும் தனித்தனியான கேள்விகளைக் கேட்டார்கள். உடல்கள் விழும் விதமும் காயமும் இயல்பானவையா? துப்பாக்கி பின்னுதைக்கும் விதம் உண்மையான ரவைக்குரியதா, வெற்று ரவைக்குரியதா? படம் வெட்டி ஒட்டப்பட்டதா, ஒன்றின் மேல் இன்னொன்று சேர்க்கப்பட்டதா? 2010 ஜனவரியில் அல்ஸ்டன் முடிவை வெளியிட்டார். காணொளி உண்மையானது என்பதையே நிபுணர்களின் அறிக்கைகள் வலுவாகச் சுட்டுகின்றன என்றார்.

அந்த அறிக்கையில் நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தங்களால் விளக்க முடியாத சில விடயங்களையும் அவர்கள் மறைக்காமல் எழுதியிருந்தார்கள். அதில் ஒன்று, கோப்புக்குள் பதிவாகியிருந்த 2009 ஜூலை 17 என்ற திகதி. சம்பவம் நடந்ததாகச் சொல்லப்பட்டது 2009 ஜனவரியில். போர் முடிந்ததோ மே மாதத்தில். அப்படியானால் ஜூலைத் திகதி எங்கிருந்து வந்தது?

இப்படியான திகதி பல விதங்களில் வரலாம். போனின் கடிகாரம் பிழையாக இருந்திருக்கலாம். கோப்பு ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்ட நாளாகவும் இருக்கலாம். அந்தத் திகதி, காணொளி உண்மையானது என்ற முடிவைக் கவிழ்க்கவில்லை என்பதே அல்ஸ்டனின் நிலைப்பாடு. அவருக்குப் பின் வந்த கிறிஸ்டோஃப் ஹெய்ன்ஸ், 2010 நவம்பரில் சனல் 4 வெளியிட்ட நீளமான பதிப்பையும் ஆராய வைத்து, 2011இல் அதுவும் உண்மையானது என்ற முடிவுக்கே வந்தார்.

ஆனால் மூல போன் ஆய்வாளர்களின் கையில் இருக்கவில்லை. அது இருந்திருந்தால் கடிகாரம் என்ன காட்டியது, கோப்பு எப்போது உருவானது, முன்பின் எடுத்த படங்கள் எவை என்று பார்த்திருக்கலாம். பிரதி மட்டுமே இருக்கும்போது, மறுப்பவர்களுக்குப் பேச இடம் கிடைக்கிறது. பிஸ்கட் ரின்னில் இருக்கும் போனை மாற்றாமல் வைத்திருங்கள் என்று சொல்வதற்கு முதற் காரணம் இதுதான்.

ஆய்வுகூடத்தில் என்ன செய்கிறார்கள்?

பயிற்சி பெற்ற ஆய்வாளர் போனைக் கையில் எடுத்ததும் அதைத் திறந்து படம் பார்ப்பதில்லை. முதலில் அதை நாலா பக்கமும் படம் எடுத்து, இலக்கங்களைக் குறித்துக்கொள்வார். இயங்கிக்கொண்டிருக்கும் போன் என்றால், அலைவரிசை உள்ளே போகாத ஒரு பையில் வைப்பார். வெளியிலிருந்து வரும் ஒரு கட்டளையே போனில் உள்ளதை அழித்துவிட முடியும் என்பதால்தான் இந்தப் பை.

அடுத்து, உள்ளே இருப்பதை அப்படியே பிரதி எடுப்பார். அந்தப் பிரதிக்குக் கணித முறையில் ஓர் எண்ணெழுத்துச் சரம் உருவாக்கப்படும். ‘ஹாஷ்’ என்பார்கள். அதை அந்தக் கோப்பின் கைரேகை என்று சொல்லலாம். கோப்பில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் சரம் முழுவதும் வேறாகிவிடும். பல வருடங்களின் பின் நீதிமன்றத்தில் “இதை யாரோ மாற்றிவிட்டார்கள்” என்று ஒருவர் சொன்னால், சரத்தைத் திரும்பக் கணித்து ஒப்பிடலாம். ஆய்வு முழுவதும் பிரதியில்தான் நடக்கும். மூலம் முத்திரையிடப்பட்டு, யாரிடமிருந்து யாருக்கு, எத்தனை மணிக்குக் கைமாறியது என்ற பதிவேட்டோடு இருக்கும்.

அழிக்கப்பட்டவை திரும்ப வருமா? சில வேளைகளில் வரும். பழைய போன்களிலும் மெமரி கார்ட்டுகளிலும் ஒரு படத்தை அழித்தால், அந்த இடம் காலியென்று குறிக்கப்படுமே தவிர, புதிய தகவல் மேலே எழுதப்படும்வரை பழையது கிடக்கலாம். புதிய ஸ்மார்ட் போன்களில் தகவல்கள் மறைகுறியாக்கப்பட்டிருப்பதால் இது மிகக் கடினம். எல்லாவற்றையும் மீட்டுத் தருவோம் என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

சட்டம் என்ன கேட்கிறது?

இலங்கையில் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டம், சம்பவம் நடக்கும்போதே செய்யப்பட்ட ஒலி, ஒளிப்பதிவுகளைச் சாட்சியமாக ஏற்க வழி செய்கிறது. பதிவு செய்த கருவி சரியாக இயங்கியதா, பதிவு மாற்றப்படாமல் பாதுகாப்பான காவலில் இருந்ததா என்பவற்றை அது கேட்கிறது. இவ்வாறான சாட்சியத்தை முன்வைக்க விரும்பும் தரப்பு, விசாரணைத் திகதிக்குக் குறைந்தது 45 நாட்களுக்கு முன் மறுதரப்புக்கு அறிவிக்கவும் வேண்டும். இதன் பின் 2006இல் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டமும், 2007இல் கணினிக் குற்றங்கள் சட்டமும் வந்தன.

ஆக, இந்த நாட்டில் சட்டம் இல்லை என்பதல்ல பிரச்சினை. 2008, 2009 காலப்பகுதியில் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் 11 பேர் கடத்தப்பட்ட வழக்கில் தொலைபேசித் தகவல்கள் கடற்படையினர் வரை விசாரணையைக் கொண்டுபோயின. 2021இல் முன்னாள் கடற்படைத் தளபதிக்கு எதிரான குற்றச்சாட்டுகளைத் தொடரப்போவதில்லை என்று சட்டமா அதிபர் அறிவித்தார். போன் உண்மையைக் காட்டும். அதைப் பார்க்க ஒருவரைக் கட்டாயப்படுத்தும் சக்தி அதற்கில்லை.

வெளியே நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2017 ஓகஸ்ட் 15ஆம் திகதி சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் லிபியாவின் மஹ்மூத் அல் வெர்ஃபல்லிக்கு எதிராகப் பிடியாணை பிறப்பித்தது. பென்காசியில் 33 பேர் கொல்லப்பட்ட ஏழு சம்பவங்களுக்கு, சமூக ஊடகங்களில் வந்த காணொளிகளே முக்கிய ஆதாரங்களாக இருந்தன. அவர் நீதிமன்றம் வரவில்லை, 2021இல் கொல்லப்பட்டார். ஆனாலும் காணொளியை வைத்துப் பிடியாணை கேட்கலாம் என்பது உறுதியானது. 2020 டிசம்பரில் ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகமும் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகமும் இவ்வகைச் சான்றுகளைக் கையாளும் நெறிமுறையை வெளியிட்டன. இலங்கை தொடர்பான சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பை, 2021 மார்ச்சில் நிறைவேறிய 46/1 தீர்மானம் ஐ.நா. மனித உரிமைகள் ஆணையாளர் அலுவலகத்துக்குக் கொடுத்தது.

வீட்டில் என்ன செய்யலாம்?

போனை இயக்கிப் பார்க்க வேண்டாம். இயக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஏதோ மாறுகிறது. கடையில் ‘சொவ்ட்வெயார் அடிப்பது’ இருப்பதை முழுவதுமாக அழித்துவிடக்கூடும். சிம்மின் இரகசிய எண்ணை மூன்று தடவை பிழையாக அடித்தால் அது பூட்டிக்கொள்ளும். பிறகு திறப்பதற்கான பி.யூ.கே எண்ணைப் பத்துத் தடவை பிழையாகக் கொடுத்தால் சிம் நிரந்தரமாகச் செத்துவிடும்.

பற்றரியைக் கழற்றக்கூடிய போன் என்றால் கழற்றித் தனியாக வையுங்கள். வீங்கிய பற்றரியைக் குத்தவோ அழுத்தவோ வேண்டாம். போன், சிம், மெமரி கார்ட் மூன்றையும் ஈரமில்லாத, சூடில்லாத இடத்தில் வையுங்கள். ஒரு கொப்பியில் எழுதுங்கள்: யாருடைய போன், யார் கொண்டுவந்தது, எந்த நாள், அதற்குப் பிறகு யார் தொட்டது. எழுதியவர் கையெழுத்தும் திகதியும் போடுங்கள். நீதிமன்றம் கேட்கும் காவல் பதிவு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

படங்களை அனுப்ப வேண்டி வந்தால், வட்ஸ்அப்பில் சாதாரண படமாக அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கி, எடுத்த நேரம், கருவி போன்ற உள் விவரங்களை நீக்கிவிடும். ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். மூலத்தை எதற்காகவும் அழிக்க வேண்டாம்.

யாரிடமும் எழுத்தில் ரசீது வாங்காமல் மூலப் போனைக் கொடுக்காதீர்கள். கொடுப்பதற்கு முன் நம்பிக்கையான சட்டத்தரணி ஒருவரிடம் பேசுங்கள். புலிகளின் படங்களைப் பகிர்ந்ததற்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஆட்கள் கைதான நாடு இது. போனுக்குள் உங்கள் பிள்ளையின் படத்தோடு வேறு யார் யாருடைய முகங்கள், இலக்கங்கள் இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியாது. அவர்களில் சிலர் இன்று உயிரோடு, ஊரோடு இருக்கலாம். அவர்களுடைய பாதுகாப்பும் அந்த ரின்னுக்குள்தான் இருக்கிறது.

காலம் நம் பக்கம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் கிடக்கும் நினைவகங்களில் தகவல் மெல்ல மெல்லக் கரைகிறது. தொலைபேசி நிறுவனங்களும் பழைய பதிவுகளை என்றென்றைக்கும் வைத்திருப்பதில்லை. பத்திரமாக வைத்திருப்பது பாதி வேலை. தகுதியான கைகளால் ஒரு பிரதி எடுத்து வைப்பது மீதிப் பாதி.

போன மாதம் அந்த வீட்டுக்கு மறுபடி போனேன். இதையெல்லாம் ஆறுதலாகச் சொன்னேன். பற்றரியைக் கழற்றித் தனியாகச் சுற்றினோம். பேத்தியின் பாடசாலைக் கொப்பியில் ஒரு பக்கம் எடுத்து, போன் வந்த கதையை அவர் சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளை எழுதியது. கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு அம்மா கேட்டார்:

“அப்ப, குரல் இருக்குமோ இல்லையோ?”

“இருக்கலாம் அம்மா. இல்லாமலும் போகலாம். ஆனா இருந்தா, இனி நாங்கள் அதைக் கெடுக்கமாட்டம்.”

அவர் ரின்னை மூடி, பழைய இடத்திலேயே வைத்தார்.