கோலார் தங்கவயல்: பாறையமைப்பும் சுரங்க வரலாறும்

கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. பொன் தீர்ந்துபோனதே காரணம் எனப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. இது பாதி உண்மையே. எடுக்கும் செலவு, கிடைக்கும் பொன்னின் மதிப்பை விஞ்சியது. அச்செலவு பெருகியதற்கான காரணம் பொன் பாறைக்குள் அமைந்திருந்த முறையிலேயே உள்ளது. தமிழாய்வுலகம் தங்கவயலை அயோத்திதாசரின் பௌத்த இயக்கத்தோடும் தொழிலாளர் போராட்டங்களோடும் இணைத்தே பெரிதும் அறிந்துள்ளது. அவ்வரலாறு நிகழ்ந்த நிலத்தின் அடிப்பகுதி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

பாறையும் பொன்னும்

கோலார் பாறைப்பட்டை வடக்குத் தெற்காக ஏறத்தாழ 80 கி.மீ. நீளமும் சில கி.மீ. அகலமும் உடையது. சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் வெளிப்பட்ட எரிமலைக்குழம்பு, பின்னர் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிக் கறுத்த, உறுதிமிக்க ஹார்ன்பிளெண்டுப் பாறையாயிற்று. அதன் பிளவுகளில் ஆழத்திலிருந்து மேலேறிய வெந்நீர்மம் சிலிக்காவையும் பொன்னையும் படியவைத்தது. இவ்வாறு உருவானவையே குவார்ட்சு நரம்புகள். பட்டையின் மேற்குப் பகுதியில் பொன் கந்தகக் கனிமங்களோடு கலந்துள்ளது; கிழக்கில் சிறிதளவு வெள்ளி சேர்ந்த தனிப்பொன்னாகவே குவார்ட்சில் காணப்படுகிறது.

கிழக்கு நரம்புகளில் தலையாயது சாம்பியன் ரீஃப். பல கி.மீ. நீளத்துக்கு ஓடினாலும் அதன் தடிமன் சராசரியாக ஒரு மீட்டர் அளவே. ஏறக்குறைய செங்குத்தாக, மேற்கு நோக்கிச் சரிந்து, மண்ணுக்குள் இறங்குகிறது. நிலத்தில் நட்டுவைத்த பலகையைப் போன்ற இப்படிவைப் பக்கவாட்டில் அகழ்ந்து விரிக்க இடமில்லை. பொன் வேண்டுமெனில் மேன்மேலும் கீழே செல்வதே வழி.

ஆழத்தின் வரலாறு

பழங்காலத்தவரும் இந்நரம்பைத் தொடர்ந்தே இறங்கினர். பழங்குழிகளில் கிடைத்த மரத்துண்டுகளின் கரிமக் காலக்கணிப்பு, கி.பி. முதலாயிரமாண்டின் நடுப்பகுதியைச் சுட்டுகிறது. 1802இல் நில அளவைக்கு வந்த ஜான் வாரன், ஊர்மக்கள் பொன் எடுப்பதைக் கண்டு பதிவு செய்தார். நியூசிலாந்துப் போரிலிருந்து திரும்பிய லாவெல் 1875இல் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றார். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்றது. தொடக்க ஆண்டுகளில் முதலீடு பெருமளவு கரைந்தது. பழங்குழிகளுக்குக் கீழே தோண்டியபோதுதான் சாம்பியன் ரீஃபின் வளம் தெரியவந்தது. 1902இல் சிவனசமுத்திர நீர்மின்சாரம் ஏறத்தாழ 147 கி.மீ. கடந்து இங்கு வந்து சேர்ந்தது.

சுரங்கம் இறுதியில் 3,200 மீட்டர் ஆழத்தைத் தொட்டது. அங்குப் பாறையின் வெப்பநிலை 65 பாகை செல்சியசு. மேலுள்ள பாறையின் எடை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 800 கிலோவுக்கும் மிகுதி. ஹார்ன்பிளெண்டுப் பாறை இச்சுமையில் மெல்ல நெகிழ்ந்து கொடுப்பதில்லை; அழுத்தத்தைத் தேக்கிவைத்து ஒரு நொடியில் சிதறுகிறது. ‘பாறை வெடிப்பு’ எனப்படும் இந்நிகழ்வு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. அகழ்ந்த வெற்றிடங்களைக் கிரானைட் கற்களால் அடுக்கி நிரப்பிப் பார்த்தனர். வெடிப்புகள் குறைந்தனவேயன்றி நிற்கவில்லை. இவ்வாழம் அறிவியலுக்கு ஒருவகையில் உதவியது என்பதும் உண்மை: வளிமண்டல நியூட்ரினோக்கள் 1965இல் இங்குதான் பதிவாயின. ஆனால் அன்றாடம் இறங்கியவர்கள் இயற்பியலாளர்கள் அல்லர்.

குவார்ட்சின் தூசி

வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து சென்ற உழைப்பாளர்களே சுரங்கத்தின் பெரும்படை. அவர்களுள் மிகப் பலர் தாழ்த்தப்பட்டோர். பொன்னைத் தாங்கிய குவார்ட்சு முழுவதும் சிலிக்கா. துளைப்பொறி கிளப்பிய அதன் நுண்தூசி நுரையீரலில் தங்கி, திசுவைத் தழும்பாக்கி, மூச்சைச் சுருக்கியது. இதுவே சிலிக்கோசிஸ். 1940களில் 7,653 தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வில் 43.7 விழுக்காட்டினருக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. தழும்பு ஆறுவதில்லை, தூசியை விட்டு விலகிய பின்னும் நோய் முற்றக்கூடும். ஆகவே சுரங்கத்தின் விபத்துக் கணக்கை மட்டும் கொண்டு அதன் உயிரிழப்பை மதிப்பிடுவது பெரும் பிழையாகும்.

சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசுக்கும் 1962இல் நடுவணரசுக்கும் மாறின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. சுரங்கங்களின் வாழ்நாளில் ஏறத்தாழ 5.1 கோடி டன் தாதுவிலிருந்து 800 டன் பொன் எடுக்கப்பட்டது. அதாவது டன்னுக்குச் சராசரியாக 16 கிராம். இறுதி ஆண்டுகளில் டன்னுக்குச் சில கிராமே தேறியது. அதற்காக மூன்று கி.மீ. ஆழத்துக்குக் காற்றைக் குளிரூட்டி அனுப்பவும் நீரை மேலே இறைக்கவும் வேண்டியிருந்தது. மூடிய பின் இறைப்பு நின்றது. குழிகளில் நீர் நிறைந்தது.

மேலே எஞ்சியிருப்பவை ‘சயனைடு மலை’கள். பொன் பிரித்த பின் கொட்டிய அரைமணலின் 13 குன்றுகளில் 3.3 கோடி டன் கிடக்கிறது. சயனைடு வெயிலில் காலப்போக்கில் சிதையும். சிலிக்காத்தூளும் ஆர்சனிக் கொண்ட கனிமத்துகளும் சிதைவதில்லை. கோடைக்காற்றில் அவை தொழிலாளர் வரிசைவீடுகளின் மேல் படிகின்றன. இக்குன்றுகளிலிருந்து எஞ்சிய பொன்னைப் பிரித்தெடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவளித்துள்ளது. குன்றுகளைக் கிளறும்போது எழும் தூசியைச் சுவாசிக்கப் போகிறவர்கள், பெரும்பாலும் அதே தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே.