எழுபதுக்குப் பிறகு இன்டர்ஃபெரானுக்கு என்ன ஆகிறது?

வயதானால் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடும் என்கிறோம். கோவிட் ஏன் முதியவர்களை அதிகம் கொன்றது என்று கேட்டபோதும் இதே பதில்தான் வந்தது. அது பாதி உண்மை. முதுமையில் பலத்தோடு சேர்ந்து, எதைத் தாக்கலாம், எதைத் தொடக்கூடாது என்ற தெளிவும் மங்குகிறது. இதற்கு அழுத்தமான சான்று 2020-ல் கிடைத்தது. பால் பாஸ்டார்ட், ழான்-லொரான் காஸனோவா குழுவினர் உயிருக்குப் போராடிய 987 கோவிட் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். குறைந்தது 101 பேரிடம் இன்டர்ஃபெரானைச் செயலிழக்கச் செய்யும் ஆன்டிபாடிகள் இருந்தன. வைரஸ் புகுந்த செல், பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்த வெளியிடும் புரதம்தான் இன்டர்ஃபெரான். ஆய்வுக்கூடத்தில் செல்களுக்கு இன்டர்ஃபெரான் கொடுத்தால் கொரோனா வைரஸால் அவற்றை எளிதில் பிடிக்க முடியாது. ஆனால் இந்த ஆன்டிபாடி சேர்ந்ததும் அந்தக் காப்பு போய்விட்டது. லேசாகவோ அறிகுறியே இல்லாமலோ தொற்று வந்துபோன 663 பேரில் ஒருவரிடம்கூட இந்த ஆன்டிபாடி இல்லை.

சொந்தப் புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி எப்படி உருவாகும்? உருவாவதில் வியப்பே இல்லை, வழக்கமாக அது அடக்கப்பட்டுவிடுவதுதான் வியப்பு. ஆன்டிபாடியைச் செய்யும் பி செல்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கும்போதே தம் ஏற்பிக்கான மரபணுத் துண்டுகளைக் கலைத்துப் போட்டு ஒட்டிக்கொள்கின்றன. இந்தக் கலவையில் எது வரும் என்று சொல்ல முடியாது. மனித மஜ்ஜையில் அப்போதுதான் உருவான பி செல்களில் 55 முதல் 75 விழுக்காடு வரை சொந்த உடலின் பொருள்களோடே ஒட்டக்கூடியவை என்று 2003-ல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. அப்படி ஒட்டும் செல் தன் ஏற்பியின் ஒரு பகுதியைக் கழற்றி வேறொன்றை மாட்டிப் பார்க்கிறது. அப்போதும் சரிவராவிட்டால் மடிகிறது, அல்லது செயலற்றுப் போகிறது. அதன் பிறகும் ரத்தத்தில் உலவும் முதிர்ந்த புதிய பி செல்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று சொந்த உடலோடு ஒட்டும் இயல்புடனேயே இருக்கிறது. ஆகவே சொந்த உடலைத் தாக்காமல் விடும் சகிப்புத்தன்மையைக் குழந்தைப் பருவத்தில் முடிந்துபோன ஒரு வேலை என்று நினைப்பது தவறு. அடக்கி வைக்கும் வேலை ஆயுள் முழுக்க நடந்தாக வேண்டும்.

வயது ஏற ஏற அந்த வேலையின் சூழலே மாறுகிறது. மஜ்ஜையிலிருந்து புதிய பி செல்கள் வருவது குறைகிறது. பி செல்கள் பிழைத்திருக்க பாஃப் என்ற புரதம் வேண்டும். அதற்குப் போட்டி கடுமையாக இருக்கும்போது, சொந்த உடலோடு ஒட்டும் செல்கள்தாம் முதலில் தோற்கின்றன. எலிகளில் பாஃப்பை மிகையாக்கினால், எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் லூபஸ் போன்ற நோய் வருகிறது. புதுவரவு குறைந்து போட்டி தளரும் முதுமையிலும் தப்பிப்பவை கூடக்கூடும் என்பது நியாயமான ஊகம். 2011-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் முதிய எலிகளில் தனி வகைப் பி செல்கள் குவிவதைக் கண்டன. ஆர்என்ஏ-வை உணரும் டிஎல்ஆர்7 ஏற்பி வழியாக அவை எளிதில் தூண்டப்படுகின்றன, தன் உடலுக்கெதிரான ஆன்டிபாடியையும் சுரக்கின்றன. பழியை பி செல் மீது மட்டும் போடலாமா என்ற கேள்வி நியாயமானது. ஏபிஎஸ்-1 என்ற அரிய மரபணு நோயில் கோளாறு தைமஸில் இருக்கிறது. அங்கே டி செல்கள் என்ற இன்னொரு வகை எதிர்ப்புச் செல்கள் தவறாகப் பழகுகின்றன, இன்டர்ஃபெரானுக்கு எதிரான ஆன்டிபாடியோ சிறு வயதிலேயே தோன்றிவிடுகிறது. வலுவான ஆன்டிபாடி செய்ய பி செல்லுக்கு டி செல்லின் துணை வேண்டும், தைமஸோ வயதோடு சுருங்கும் உறுப்பு. இரண்டு காவலும் சேர்ந்தே தளர்கின்றன என்றே கொள்கிறேன்.

இன்னொரு மறுப்பு மருத்துவர்களிடமிருந்து வருவது. ஆரோக்கியமான முதியவர் பலருக்கு, சொந்த உடலுக்கெதிரான ஆன்டிபாடிகளான ஏஎன்ஏ அல்லது ருமட்டாய்டு ஃபேக்டர் பாசிட்டிவ் என்று லேப் ரிப்போர்ட் வருகிறது, மூட்டில் வலியே இருக்காது. லூபஸ் பெரும்பாலும் இளம்பெண்களைத்தான் பிடிக்கிறது. அப்படியானால் முதுமையின் ஆன்டிபாடியால் என்ன கெடுதல்? அந்த பாசிட்டிவ் ரிப்போர்ட்களில் பெரும்பாலானவற்றுக்கு மருந்து வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இன்டர்ஃபெரான் ஆன்டிபாடி வைத்திருப்பவரும், வைரஸ் வரும்வரை ஆரோக்கியமானவராகவே தெரிவார். 2021-ல் தொற்று வராத 34,000-க்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தை அதே குழுவினர் பார்த்தார்கள். 70 வயதுக்குக் கீழே 0.18 விழுக்காட்டினரிடமும், எழுபதுகளில் 1.1 விழுக்காட்டினரிடமும், 80-ஐத் தாண்டியவர்களில் 3.4 விழுக்காட்டினரிடமும் இந்த ஆன்டிபாடி இருந்தது. கோவிட் இறப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இது காணப்பட்டது. உயிருள்ள மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்குப் பின் உயிராபத்தான நிலைக்குப் போன 8 பேரில் 3 பேரிடமும் இதுவே. இது ரத்தப் பரிசோதனையில் தெரியக்கூடியது. முன்கூட்டியே தெரிந்தால் அத்தகைய தடுப்பூசியைத் தவிர்க்கலாம், காய்ச்சலின் முதல் நாளிலேயே வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கலாம்.