ஏரிக்கரையில் ஒரு கீர்த்தன்

பெங்களூரு அல்சூர் ஏரியின் அருகே சீக்கியர்களின் குருத்துவாரா உள்ளது. அங்கே ஆர்மோனியம், தபலா ஆகியவற்றுடன் பாடப்படும் பக்தியிசைக்குக் கீர்த்தன் என்று பெயர். 1604ஆம் ஆண்டில் குரு அர்ஜன் தொகுத்த ஆதி கிரந்தத்தில் பெரும்பாலான பாடல்கள் இராக வரிசையில் அமைந்துள்ளன. நம் சம்பந்தர் தேவாரமும் பண்முறையில் தொகுக்கப்பட்டதன்றோ!

இராகத்தின் பெயரை ஏட்டில் எழுதலாம். குரல் எங்கே குழைய வேண்டும் என்பதை எவ்வாறு எழுதுவது? ஆசிரியர் பாடக் கேட்டே பயில வேண்டும். பஞ்சாபை விட்டுத் தொலைவில் வாழும் சீக்கியப் பிள்ளைகள், அமிர்தசரஸ் பொற்கோயிலின் கீர்த்தனை இன்று இணையத்தில் நேரலையாகக் கேட்கின்றனர். கைப்பேசித் திரையில் ஆசிரியரைக் கண்டு பயில்வோரும் உளர். ஆயினும், இணையத்தில் ஒலி சற்றே தாமதித்து வருவதால், இருவரும் ஒருசேரப் பாடினால் தாளம் பிசகும். எனவே ஆசிரியர் ஓர் அடியைப் பாடி நிறுத்துவார். மாணவர் அதனைத் திரும்பப் பாடுவார். ஊரிலுள்ள தாத்தாவிடம் கைப்பேசி வழியே தேவாரம் கற்க விரும்பும் நீங்களும் இவ்வாறே பயிலலாம்.