மூளையின் முதுமைக்கு ஒரு பொதுக் கணக்கு

தோட்டம் இருந்த பத்து காவானில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. அங்கும் நிபோங் திபால் பக்கத்திலும் அன்று மரம் வெட்டிய தாய்மார்கள் இன்று பாட்டிகளாகப் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். பாட்டி கண்ணாடியை வைத்த இடத்தை மறந்துவிட்டால், "வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். அது வயதின் மறதியா, நோயின் மறதியா? இதைப் பிரித்தறிய வேண்டுமானால், நலமாக உள்ளவரின் மூளை வயதாக ஆக எப்படி மாறுகிறது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

குழந்தையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனால், தாதி எடை பார்த்து அட்டையில் ஒரு புள்ளி வைப்பார். இந்த வயதுக்கு இந்த எடை சரிதானா என்று அந்த அட்டை சொல்லிவிடும். எத்தனையோ குழந்தைகளை நிறுத்துப் பார்த்த பிறகு உண்டான அட்டை அது. மூளையை நிறுத்துப் பார்க்க முடியாது, எம்.ஆர்.ஐ. என்னும் காந்தக் கருவியால் படம்தான் எடுக்க வேண்டும். செலவு மிகுந்த காரியம். ஓர் ஆராய்ச்சி நிலையம் தனியாகச் சில நூறு பேரைப் படம் எடுப்பதே பெரிது.

ஆனால் பல நாடுகளில் முன்பே எடுத்த படங்கள் இருக்கின்றனவே! அவற்றை ஒன்று சேர்த்தால் என்ன? 2009ஆம் ஆண்டில் 'எனிக்மா' என்ற கூட்டு முயற்சி தொடங்கியது. ஒவ்வொரு நிலையமும் தன்னிடமுள்ள படங்களை ஒரே முறைப்படி அளந்து, முடிவுகளைப் பொதுவில் சேர்க்க வழி செய்தது. 2022இல் வேறொரு பெரிய குழு, நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளிலிருந்து 101,457 பேரின் 123,984 படங்களைச் சேர்த்து, கருவிலுள்ள சிசு முதல் நூறு வயது வரை மூளைக்கு ஓர் அட்டை வரைந்தது. மூளையின் சாம்பல் நிறப் பகுதி ஏறக்குறைய 6 வயதில் உச்ச அளவை அடைகிறது. வெள்ளைப் பகுதி 29 வயதை ஒட்டி அடைகிறது. பின்னர் மெல்லக் குறைகின்றன. மூளைக்குள் நீர் நிற்கும் இடங்கள் முதுமையில் விரைவாக அகலுகின்றன. ஆகவே, ஓரளவு சுருங்குவது வயதின் இயல்பே.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு தோட்டங்களில் பால் நிறுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தராசு எப்போதும் அரைக் கிலோ கூட்டிக் காட்டும்; மற்றது குறைத்துக் காட்டும். இரண்டு கணக்கையும் அப்படியே கூட்டினால் பிழைதான் வரும். எம்.ஆர்.ஐ. கருவிகளும் அப்படியே. காந்தத்தின் வலிமையும், தயாரித்த கம்பெனியும் மாறினால் அளவும் சற்று மாறும். அந்த வேறுபாட்டைக் கணக்கிட்டு நீக்கிய பின்னரே கூட்ட வேண்டும். ஒரு தோட்டத்தில் முதியவர்கள் மட்டும், மற்றதில் இளையவர்கள் மட்டும் வெட்டினால், எடை குறைந்தது கையாலா, தராசாலா என்று எப்படிச் சொல்வது? ஆகையால் ஒவ்வொரு இடத்திலும் பல வயதினரும் கலந்திருப்பது நல்லது.

இன்னொரு குறையை அந்தக் குழுவினரே ஒப்புக்கொண்டார்கள். சேர்ந்த படங்களில் பெரும்பகுதி ஐரோப்பியருடையதும் வட அமெரிக்கருடையதும். நம் போன்றவர்கள் குறைவு. நம்மைச் சேர்க்காத அட்டையை வைத்து நம் பாட்டியை அளப்பது எவ்வளவு தூரம் பொருந்தும்?

இந்தியாவில் இதற்கு வேலை நடந்திருக்கிறது. 2019இல் ஹைதராபாத் ஆய்வாளர்கள் நூறு இளைஞர்களை மூன்று மருத்துவமனைகளின் கருவிகளில் படமெடுத்து, இந்திய மூளைக்கென ஒரு மாதிரிப் படம் அமைத்தார்கள். மேல்நாட்டு மாதிரியைவிட அது சற்றுச் சிறிது. அதனால் அறிவு குறைவு என்று பொருளல்ல, அளவுகோல் வேறு என்பதே பொருள். கர்நாடகத்தின் ஸ்ரீநிவாசபுரத்தில், 45 வயதைக் கடந்த கிராமத்து மக்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும் ஆய்வும் நடக்கிறது. ஒருவரையே பல முறை பார்த்தால்தான், அவர் மூளை எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பது விளங்கும்.

நேயர்களே, மருத்துவமனையில் "இந்தப் படத்தை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாமா?" என்று ஒரு தாளை நீட்டினால், படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், பயந்து ஒதுக்கவும் வேண்டாம். தாள் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் பேரப்பிள்ளையை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். படம் யாரிடம் போகும்? பெயரும் அடையாள அட்டை எண்ணும் நீக்கப்படுமா? தலைப் படத்திலிருந்து முகத்தை வரைந்துவிடலாம். அந்தப் பகுதி அழிக்கப்படுமா? இவற்றைக் கேட்பது உங்கள் உரிமை. மறுத்தாலும் சிகிச்சை குறையக்கூடாது என்பதே ஆராய்ச்சியின் நெறி.

ஒன்றை மறவாதீர்கள். தனியொருவருக்கு நோய் உண்டா என்று தீர்ப்புச் சொல்லும் நிலைக்கு அந்த அட்டை இன்னும் வரவில்லை. பழகிய பாதையிலேயே பாட்டி வழி தவறினால், அட்டைக்காகக் காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பொதுக் கணக்கில் நம் பெயர் வேண்டியதில்லை. நம் பங்கு இருந்தால், நாளை நம் பேரப்பிள்ளைகள் முதியவர்களாகும்போது அவர்களுக்குப் பொருந்தும் அளவுகோல் ஒன்று இருக்கும்.