வரி வரியாக – 14: ஆயிரத்து நாற்பது ரூபாய்

போன வாரம் அம்பத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். தனியார் கம்பெனியில் சூப்பர்வைசர். அம்மாவின் திதியன்று முதியோர் இல்லம் ஒன்றுக்கு 10,000 ரூபாயும் 25 கிலோ அரிசி மூட்டையும் கொடுத்திருக்கிறார். ரசீதை மேஜைமேல் வைத்துவிட்டு, "இதுல எவ்வளவு சார் திரும்பக் கிடைக்கும்?" என்றார்.

ரசீதின் அடியில் '80ஜி வரிவிலக்கு உண்டு' என்று சிவப்பு மையில் அச்சடித்திருந்தது. இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் கொடுத்த பணமே திரும்பிவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். திரும்பாது. பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கொடுத்ததில் பாதியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். 10,000 கொடுத்தால் 5,000 கழியும். 20 சதவீதப் படியில் இருப்பவருக்கு, செஸ் உட்பட, மிச்சமாவது 1,040 ரூபாய்.

அதுவும் இவருக்கு இல்லை. அரிசியைச் சட்டம் கண்டுகொள்வதில்லை; பொருளாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. "பணத்தை எப்படிக் கொடுத்தீங்க?" என்றேன். "கையிலதான் சார்." ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் முழுத்தொகையும் அடிபட்டுவிடும். முதல் 2,000 மட்டுமாவது தேறுமா என்றால், தேறாது.

சரி, ஜிபேயில் அனுப்பியிருந்தால்? அப்போதும் ரசீது மட்டும் போதாது. 2021-22 முதல், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலை அறக்கட்டளையே 10பிடி படிவத்தில் மே 31-க்குள் வருமான வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். அதிலிருந்து பிறக்கும் 10பிஇ சான்றிதழ்தான் கொடுத்தவருக்கு ஆதாரம். இவருடைய ரசீதில் பான் எண் எழுத இடமே இல்லை. போலி ரசீதுகளைத் தடுக்க வந்த ஏற்பாடு என்பதால் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் கணக்கெழுத ஆளில்லாத சின்ன இல்லத்துக்குக் கொடுத்தவர், அவர்களுடைய மறதிக்கும் சேர்த்துத் தண்டம் கட்டுகிறார்.

(கோயில் உண்டியலில் பெயரில்லாமல் போடுகிறோமே, அது? பெயர் தெரியாத நன்கொடை ஓர் அளவைத் தாண்டினால் அறக்கட்டளை அதற்கு 30 சதவீத வரி கட்ட வேண்டும். முழுக்கச் சமயப் பணிக்கான அமைப்புகளுக்கு இதில் விலக்கு உண்டு. அதனால் உண்டியல் பிழைத்தது.)

"ஆபீஸ்ல கொடுத்திருந்தா அங்கேயே கழிச்சிருப்பாங்களா?" பிரதமரின் தேசிய நிவாரண நிதி போன்ற சிலவற்றைத் தவிர, நன்கொடையைக் கம்பெனி டிடிஎஸ் கணக்கில் சேர்க்க முடியாது. நாமேதான் ரிட்டர்னில் கேட்க வேண்டும்.

பேச்சுவாக்கில் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். வருடம் 9 லட்சம். மாதாமாதம் வரி பிடித்திருந்தார்கள். "எந்த முறை கேட்டீங்க?" "பழசுதான் சார், அதுதான் பழக்கம்." பிஎஃப், எல்ஐசி என்று ஒன்றரை லட்சம், நிலைக்கழிவு 50,000 போக 7 லட்சத்துக்கு வரி. செஸ்ஸோடு 54,600 ரூபாய்.

புதிய முறையில் நிலைக்கழிவு 75,000. மீதி 8,25,000. 2025-26-க்கு 12 லட்சம் வரை சம்பள வருமானத்துக்குத் தள்ளுபடி இருப்பதால், கட்ட வேண்டிய வரி பூஜ்யம். அந்த முறையில் 80ஜி கழிவு கிடையாது. இவருக்கு அது தேவையும் இல்லை. கம்பெனியிடம் பழைய முறை என்று எழுதிக் கொடுத்திருந்தாலும், ரிட்டர்ன் போடும்போது புதியதற்கு மாறிக்கொள்ளலாம். 1,040 ரூபாய் கேட்டு வந்தவருக்கு 54,600 ரீஃபண்டு.

நான் சொன்னதை நம்பாமல் கால்குலேட்டரைத் தன் பக்கம் இழுத்து இரண்டு முறை போட்டுப் பார்த்தார்.

பிறகு 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தோம். டிசம்பர் வரை பிடித்தது ஏறியிருந்தது. ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்ததைக் காணோம். அந்தக் காலாண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யக் கம்பெனிக்கும் மே 31 வரை அவகாசம். ஃபாரம் 16 கைக்கு வர ஜூன் 15 ஆகும். அதுவரை ரிட்டர்ன் போட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். பிடித்த வரியைக் கம்பெனி கட்டாமலே விட்டால் தொழிலாளியிடம் அதைக் கேட்க முடியுமா என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.